சைக்கிள் அச்சில் சுருண்ட முன்பாய்

கயிறு வரவில்லை.

குளத்தின் நடுவில் இருக்கிறேன். படகில் என்னைத் தவிர ஆள் இல்லை. கிழக்கே மலைக்கு மேல் மேகம் கறுத்துவிட்டது. தண்ணீரின் மேல் காற்று தவழ்ந்து வருவது கண்ணுக்குத் தெரிகிறது. அது வருகிற வழியெல்லாம் தண்ணீர் நிறம் மாறுகிறது. கையில் ஒரு மெல்லிய கயிறு. அதை இழுத்தால் படகின் மூக்கில் விரிந்து நிற்கிற முன்பாய், ஜன்னல் தட்டியைச் சுருட்டுவது போலத் தன்னைத் தானே சுற்றிக்கொண்டு ஒடுங்க வேண்டும். அதற்காகத்தான் அந்தக் கருவியைச் செய்தோம். பாதி சுருண்டது. அப்புறம் நின்றுவிட்டது.

கரையில் அணைக்கட்டின் மேல் குடைகள் தெரிந்தன. படகு கிளப் செக்ரட்டரியும் கமிட்டிக்காரர்களும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தோற்பதைப் பார்க்கத்தான் வந்தார்கள் என்று சொன்னால் அது அநியாயம். ஆனால் தோற்றால் அவர்களில் ஒருவருக்கும் அன்றைக்குச் சாப்பாடு இறங்காமல் போயிருக்காது.

போன வாரம் இந்தப் பத்தியில் என் காலைப் பற்றி எழுதியதற்கு என் தங்கை கோபித்துக்கொண்டாள். "ஊருக்கெல்லாம் சொல்லணுமா அக்கா?" என்றாள். சொல்லத்தான் வேண்டும். காலைச் சொல்லாமல் இந்தப் படகின் கதையைச் சொல்ல முடியாது.

துரை விட்டுப்போன படகு

போன வாரம் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக: சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து என் இடது கால் சூம்பிப்போனது. இடுப்பிலிருந்து பாதம் வரை இரும்புச் சட்டம். அதை வார்களால் கட்டி, கனத்த பூட்ஸ் போட்டு, ஒரு ஊன்றுகோலோடு நடப்பேன். மாத்தளைப் பக்கம் இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் என் அப்பா பெரிய கிளாக்கர். நான் அதே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர்.

வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராக மூட்டை கட்டிய காலம் அது. எங்கள் துரை போகும்போது நாய்களைச் சிநேகிதருக்குக் கொடுத்தார், பியானோவைக் கண்டிக்கு அனுப்பினார். படகை என்ன செய்வதென்று தெரியாமல் அப்பாவுக்குக் கொடுத்தார். அப்பாவுக்குத் தண்ணீர் என்றால் குளிக்கிற தண்ணீர்தான். "மாதா சுரூபம் கொடுத்திருந்தாலாவது வீட்டில வச்சிருக்கலாம்" என்று சொல்லி, அதைத் தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடியில், இலை வாட்டுகிற இடத்தின் ஒரு மூலையில் ஏற்றிவைத்தார். பல வருஷம் அது தேயிலை வாசனையில் ஊறியது. இன்றைக்கும் யாராவது பச்சை இலை வாடுகிற வாசனையைச் சொன்னால் எனக்குப் படகுதான் ஞாபகம் வரும்.

நாலந்தையைத் தாண்டி ஒரு குளம். பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அந்தச் செக்ரட்டரியின் பேரன்மார் சண்டைக்கு வருவார்கள். துரைமார் ஆரம்பித்த சின்னப் படகு கிளப் ஒன்று அங்கே இருந்தது. துரைமார் போனார்கள், நம்மவர்கள் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சில படகுகள் மிதக்கும்.

அங்கே நான் முதலில் போனது பாரத்துக்காக. காற்று பலமாக இருந்தால் படகு சாயாமல் இருக்க ஒரு ஆள் கூடுதலாக வேண்டும். இரும்போடு சேர்த்து நான் நல்ல பாரம். அப்படி ஏறி உட்கார்ந்தவள் சும்மா உட்காரவில்லை. எந்தக் கயிற்றை எப்போது இழுக்கிறார்கள், சுக்கானை எந்தப் பக்கம் தள்ளுகிறார்கள் என்று பார்த்தேன். பிறகு கொஞ்சம் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிச் செய்தேன். கொஞ்ச காலத்தில் என்னைக் கூட ஏற்றிக்கொண்டு போனவர்களை நான்தான் ஏற்றிக்கொண்டு போனேன். சுக்கான் பிடிக்கக் கால் வேண்டாம். நீரில் நான் நொண்டி இல்லை. அந்தச் சந்தோஷத்தை இரண்டு நல்ல கால்கள் உள்ளவர்களுக்கு விளங்கப்படுத்த முடியாது, முயற்சியும் செய்யப்போவதில்லை.

அப்பாவிடம் படகைக் கேட்டேன். முதலில் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தோட்டத்து லொறிக்குச் சொன்னார்.

அந்த விதி

எங்கள் செக்ரட்டரி நம்மூர்த் துரை. வேறொரு தோட்டத்தில் சின்னத்துரையாக இருந்து பெரிய துரையானவர். வெள்ளைக்காரன் மறந்துபோன விதிகளையெல்லாம் தூசு தட்டி எடுத்து நடத்தினார். மனுஷன் கெட்டவர் இல்லை. என்னைக் கண்டால் நாற்காலி இழுத்துப் போடுவார். அந்த நாற்காலிதான் எனக்கு எரிச்சல்.

தனியாகப் படகு எடுக்க வேண்டும் என்று நான் கேட்டபோது அவர் விதியைச் சொன்னார். முன்பாயைத் தானாக இறக்க முடியாதவர் தனியாகப் போகக் கூடாது. விதியில் நியாயம் இருந்தது. எங்கள் படகில் இரண்டு பாய்கள். பெரிய பாயை உட்கார்ந்த இடத்திலிருந்தே இறக்கலாம். முன்பாய் படகின் முன்முனையில் இருக்கிறது. திடீரென்று காற்று பலத்தால், ஆடுகிற படகில் அந்த வழுக்குப் பலகை மேல் நடந்து போய், அதை இறக்கிச் சுருட்டிக் கட்ட வேண்டும்.

"மிஸ் ரெஜினா, உங்களால அந்த இடத்துக்கு நடந்து போக முடியாது. இது உங்க நன்மைக்குத்தான்" என்றார்.

என் நன்மைக்கு என்று சொல்லி என்னிடமிருந்து எடுக்கப்பட்டவை நிறைய. பள்ளிக்கூட மைதானம், மலையுச்சிப் பயணம், ஒரு கல்யாணப் பேச்சு. இதைக் கொடுக்க நான் தயாராக இல்லை.

"அங்க நான் போகாம, பாயை இங்க வரவச்சா?" என்று கேட்டேன்.

விதியில் இறக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது, நடக்க வேண்டும் என்று இல்லை என்று அவரே ஒத்துக்கொண்டார். ஆயுத பூஜை கழிந்து வருகிற ஞாயிற்றுக்கிழமை சோதனை. கமிட்டி கரையில் நிற்கும். நான் தனியாகக் குளத்தின் நடுவுக்குப் போய் முன்பாயை ஒடுக்கிக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் மறுபடி அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது.

இலை சுருட்டும் இடத்தில்

துரை படகோடு சேர்த்து ஒரு கட்டுப் பழைய இங்கிலீஷ் சஞ்சிகைகளையும் விட்டுப் போயிருந்தார். அதில் ஒன்றில் படம் பார்த்திருந்தேன். பாயின் அடியில் ஒரு உருளை, மேல்நுனியில், பாய் திரும்பினாலும் அதைத் தூக்கிப் பிடிக்கிற கயிறு முறுக்காமலிருக்க ஒரு சுழலி. உருளையில் சுற்றிய கயிற்றை இழுத்தால் அது திரும்பும், அதோடு பாயின் முன்விளிம்பும் திரும்பும், பாய் சுருண்டுகொள்ளும். வெளிநாட்டுச் சாமான் ஒன்றும் நாட்டுக்குள் வராத காலம். வந்திருந்தாலும் எங்கள் கையில் கிடைக்கிற பொருள் இல்லை.

தொழிற்சாலையில் எஞ்சின் பார்க்கிற பிட்டர் சுப்பையாவிடம் படத்தைக் கொண்டுபோனேன். அவரும் நானும் ஏறக்குறைய ஒரே வயது. சின்ன வயதிலிருந்தே சண்டை போட்டுக்கொண்டு வளர்ந்தவர்கள். அவர் என்னை மிஸ் என்பார், நான் அண்ணே என்பேன். இரண்டு பேருமே மரியாதைக்காகச் சொல்லவில்லை, பழக்கம்.

படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாள் பூராவும் இங்க இலையைத்தானே சுருட்டுறோம் மிஸ். துணி சுருளாதா?" என்றார்.

உருளைக்கு அவர் கண்டுபிடித்தது சைக்கிளின் முன்சக்கர அச்சு. யோசித்துப் பாருங்கள், அது பிறவியிலேயே ஒரு உருளைதான்: நடுவில் குறுகி, இரண்டு பக்கமும் அகன்று, உள்ளே இரும்புக் குண்டுகள் ஓடுகிற பொருள். கயிறு வழுகி வெளியே போகாதபடி மேலும் கீழும் பித்தளைத் தகட்டு வட்டங்களைப் பற்றவைத்தார். மேலே இருக்கிற சுழலிக்குச் சைக்கிள் மிதியின் உள்பாகம். அதற்கு மூடி இல்லை, குண்டுகள் வெளியே தெரிந்தன. அப்போது அது எங்களுக்குக் குறையாகப் படவில்லை.

பாயின் முன்விளிம்பில் கம்பி வைத்துத் தைக்க வேண்டும். இல்லாவிட்டால் கீழே உருளை திரும்பும், மேலே துணி சும்மா முறுக்கிக்கொள்ளும். மாத்தளை டவுனில் லொறித் தார்ப்பாய் தைக்கிற ஹமீது நானாவிடம் போனேன். துணியைப் பெருவிரலால் தேய்த்துப் பார்த்தவர், யாருடைய படகு என்று கேட்டார். என்னுடையது என்றேன். யார் ஓட்டுவது என்று கேட்டார். நான்தான் என்றேன். என் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

"அப்ப ரெட்டைத் தையல் போடுறேன் புள்ள. அறுந்தா என்ட பேரைத்தான் சொல்லுவாங்க" என்றார். அதற்கு மேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் கேள்வி கேட்காதவர்களை எனக்கு விரல் விட்டு எண்ணலாம்.

முதல் வெள்ளோட்டம் தொழிற்சாலை முற்றத்தில். குளத்திலிருந்து லொறியில் கொண்டுவந்த பாய்மரத்தை ஒரு தூணோடு சேர்த்துக் கட்டி நிறுத்தினோம். ரிவர்ஸ்டன் மலைப் பக்கத்திலிருந்து இறங்குகிற காற்றுக்குக் குறைச்சல் இல்லை. கொழுந்துக் கூடையோடு வந்தவர்கள் எடை போட மறந்து நின்றார்கள். நான் கயிற்றை இழுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. சுப்பையா அண்ணன் பாயைச் சுருட்டிவிட்டு, உருளையிலும் கயிற்றை நிறையச் சுற்றிவைத்திருந்தார். பாய் விரிந்திருக்கும்போதுதான் உருளையில் கயிறு இருக்க வேண்டும். பாய் சுருளச் சுருள அந்தக் கயிறு என் கைக்கு வர வேண்டும். இதை அவருக்கு நான் சொல்ல, தனக்கு முதலே தெரியும் என்று அவர் சொல்ல, கொழுந்து நிறுக்கிற கணக்கப்பிள்ளை வந்து இரண்டு பேரையும் விரட்டினார்.

மாற்றிச் சுற்றினோம். இழுத்தேன். பாய் சத்தமில்லாமல் சுருண்டு ஒரு கம்பு போல நின்றது. முற்றத்தில் யாரோ கை தட்டினார்கள். அவிழ்த்துவிட்டேன், விரிந்தது. மறுபடி இழுத்தேன். உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாமல். என் வாழ்க்கையில் ஒரு பொருள் நான் இருக்கிற இடத்துக்கு இறங்கி வந்தது அதுதான் முதல் தடவை என்று நினைத்தேன். அழுகை வந்தது. காற்றில் தூசு என்று சொல்லிச் சமாளித்தேன்.

சந்தனமும் தீர்த்தமும்

ஆயுத பூஜை வந்தது. தோட்டத் தொழிற்சாலையில் அந்த நாளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். எஞ்சினிலிருந்து சுத்தியல் வரைக்கும் கழுவித் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, மாலை போட்டு, பொரியும் கடலையும் படைப்பார்கள். அன்றைக்கு ஒரு இயந்திரமும் ஓடாது. வருஷம் பூராவும் சத்தம் கேட்டுப் பழகிய காதுக்கு அந்த அமைதி ஒரு மாதிரி இருக்கும்.

சுப்பையா அண்ணன் எங்கள் உருளையையும் சுழலியையும் எஞ்சினுக்குப் பக்கத்தில், நல்ல இடத்தில் வைத்திருந்தார். அவர் செய்ததிலேயே அவருக்குப் பெருமை அதுதான். உருளைக்கு மேல்பக்கத்துப் பித்தளை வட்டத்தில் ஒரு பொட்டு. சுழலிக்கு மட்டும் பொட்டு வைக்கத் தட்டையான இடம் இல்லை. அதனால் சுற்றி வரத் தாராளமாகச் சந்தனத்தைக் குழைத்து அப்பியிருந்தார்.

நாங்கள் வேதக்காரர்கள். சாமானை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அம்மா பார்த்தார். அவர்கள் சாமி மட்டும் காவல் நின்றால் போதாது என்று அவருக்குத் தோன்றியது. மாதா கோவிலிலிருந்து கொண்டுவந்த தீர்த்தத்தை உருளையின் மேலும் சுழலியின் மேலும் தெளித்தார். கொஞ்சமாக அல்ல.

காய்ந்த சந்தனம் கரைந்தது. கரைந்து குண்டுகளுக்கு நடுவே இறங்கியது. லொறியில் குளத்துக்குப் போகிற வழியெல்லாம் வெயிலில் மறுபடி காய்ந்தது. சிமெந்து பூசியிருந்தால்கூட அவ்வளவு நன்றாகப் பிடித்திருக்காது.

இதில் யாரைக் கோபிப்பது? ஒருவர் தன் கையால் செய்ததற்கு மரியாதை செய்தார். ஒருவர் தான் பெற்ற பிள்ளைக்குக் காவல் கேட்டார். ஹமீது நானாவும் முதல் ஊசி குத்தும்போது பிஸ்மி சொல்லித்தான் குத்தினார். அந்தத் தையல் மட்டும் கடைசி வரைக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

மறுபடி குளத்தின் நடுவில்

கயிறு வரவில்லை. மேலே பார்த்தேன். கீழே உருளை திரும்பியிருந்தது, மேலே சுழலி திரும்பவில்லை. பாயைத் தூக்கிப் பிடித்திருக்கிற ஏற்றுக் கயிறு அதனால், பாய்மர உச்சியிலிருந்து படகின் மூக்குக்கு இழுத்துக் கட்டிய முன்கம்பியைச் சுற்றி முறுக்கிக்கொண்டிருந்தது. கீழ்ப்பாதி சுருண்டு, மேல்பாதி பை போல உப்பி நின்றது.

அதற்குள் காற்று வந்துவிட்டது. படகு சாய்ந்தது. பெரிய பாயின் கயிற்றை விட்டேன், அது தடதடவென்று இறங்கி என் மடியில் விழுந்தது. அது போதவில்லை. மேலே உப்பி நின்ற அந்தப் பை படகை இழுத்துக்கொண்டு ஓடியது. எங்கே என்று திரும்பிப் பார்த்தேன். குளம் கட்டியபோது முழுகிப்போன காட்டின் பட்ட மரங்கள், கூர்க்கூராக நீருக்கு மேல் நின்றன. அதில் மோதினால் பலகை பிளந்துவிடும்.

கரையில் விசில் ஊதினார்கள். கிளப்பின் துடுப்புப் படகைத் தள்ளுவது தெரிந்தது. அது வந்து சேர்வதற்குள் நான் மரங்களுக்குள் இருப்பேன். வந்து சேர்ந்தாலும் நான் தோற்றவள்தான். இரண்டும் எனக்குச் சம்மதமில்லை.

சட்டத்தின் வார்களை அவிழ்த்தேன். பூட்ஸோடு கழற்றிப் படகின் அடியில் போட்டேன். அந்த இரும்பு இல்லாமல் வீட்டுக்கு வெளியே நான் இருந்ததே கிடையாது. பிறகு உட்கார்ந்தபடியே, பின்பக்கமாக, கைகளை ஊன்றி ஊன்றி முன்பலகையின் மேல் நகர்ந்தேன். சட்டம் வருவதற்கு முன்பு வீடு முழுக்க அப்படித்தான் நான் திரிந்தேனாம். விருந்தாளி வந்தால் அம்மா அதட்டுவார்: "அப்படி நகராத புள்ள, பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க." அன்றைக்கு மொத்தக் கமிட்டியும் பார்த்துக்கொண்டிருந்தது. நினைக்கிறதை நினைத்துக்கொள்ளட்டும் என்று நகர்ந்தேன்.

நடக்கிறவன் அந்த இடத்தில் விழுந்திருப்பான். உட்கார்ந்து போகிறவள் எங்கே விழுவது?

முன்முனையில் நல்ல காலை முன்கம்பியைச் சுற்றி மடித்துப் பிடித்துக்கொண்டேன். ஊன்றுகோல் பிடித்தே வளர்ந்த கைகள் என்னுடையவை. சுருண்ட பாயையும் உள்ளே தைத்திருந்த கம்பியையும் சேர்த்துப் பிடித்து, முறுக்கிய திசைக்கு எதிராகத் திருப்பினேன். உள்ளங்கை எரிந்தது. மழை முகத்தில் அடித்தது. மறுபடி திருப்பினேன். மேலே ஏற்றுக் கயிறு ஒவ்வொரு சுற்றாக விட்டுக்கொடுப்பது தெரிந்தது. கடைசி முறுக்கும் போனதும், பாய்மரத்தின் அடியில் கட்டியிருந்த அதன் முடிச்சை எட்டி அவிழ்த்தேன். முன்பாய் முழுவதும் நனைந்த துணியாக என் தலைமேல் வந்து விழுந்தது.

அந்தத் துணிக்குள் இருந்தபடி நான் சிரித்தேன். சத்தமாகவே சிரித்தேன்.

படகு நின்றுவிட்டது. பட்ட மரங்களில் ஒன்றைக் கை நீட்டினால் தொடலாம் போல இருந்தது.

கரையில்

துடுப்புப் படகு பக்கத்தில் வந்து கயிறு வீச எடுத்தது. கயிறு போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என்னிடமும் துடுப்பு இருந்தது. மெதுவாகத்தான் வந்து சேர்ந்தேன், ஆனால் நானே வந்து சேர்ந்தேன்.

சுப்பையா அண்ணன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றார். முகம் பேயறைந்தது போல இருந்தது. சுழலியைத் தொட்டுப் பார்த்தவருக்கு உடனே விளங்கிவிட்டது. "நான்தான் மிஸ் கெடுத்துட்டேன்" என்றார். மண்ணெண்ணெயில் கழுவினால் சரியாகிவிடும், முதலில் படகைப் பிடியுங்கள் என்றேன். என்னைத் தூக்க வந்தவரையும் நிறுத்தினேன்.

மழை கொட்டியது. செக்ரட்டரியும் கமிட்டியும் காத்து நின்றார்கள். நான் படகில் உட்கார்ந்து சட்டத்தை எடுத்துக் காலில் பொருத்தி, வார்களை ஒவ்வொன்றாகக் கட்டினேன். ஈரத் தோல் வழுக்கியது. அவசரப்படவில்லை. அவர்கள் குடைகளில் தண்ணீர் ஒழுகியது.

எழுந்து, கோலை ஊன்றி, அவர் முன்னால் போய் நின்றேன். அவர் நேர்மையானவர் என்பதை இங்கே சொல்ல வேண்டும். முன்பாயைத் தனியாக இறக்கியதைக் கண்ணால் பார்த்ததாகவும், விதிப்படி இனி நான் தனியாகப் போகலாம் என்றும் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். பிறகு என் உருளையை விரலால் காட்டினார்.

"ஆனா இதைக் கழட்டிடுங்க மிஸ் ரெஜினா. உங்களால முன்னால போக முடியும்னு இப்ப தெரிஞ்சிருச்சு. இனி இந்தச் சாமான் எதுக்கு?"

எனக்கு மழையிலும் முகம் சூடாகியது. போக முடியாது என்பதால் ஒன்றைத் தடுத்தார்கள். போக முடியும் என்று காட்டினால், அதைக் காரணம் காட்டி இன்னொன்றைப் பிடுங்கப் பார்க்கிறார்கள்.

"ஐயா, உங்களால கிணத்துக்குப் போய்த் தண்ணி இறைக்க முடியும்தானே?" என்று கேட்டேன்.

முடியும் என்றார், எதற்குக் கேட்கிறேன் என்று தெரியாமல்.

"அப்ப உங்க பங்களாவுல பைப்பைக் கழட்டிட்டீங்களா?"

கமிட்டியில் யாரோ குடைக்குள் இருமினார். அது சிரிப்பு என்று எனக்கும் தெரியும், செக்ரட்டரிக்கும் தெரியும்.

சுழலியை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுக் கழுவி, கிரீஸ் வைத்தோம். கொக்கோ தகர டப்பாவை வெட்டி அதற்கு ஒரு மூடியும் செய்தார் சுப்பையா அண்ணன். அடுத்த வருஷம் சந்தனம் அந்த மூடியின் மேல்தான். அம்மாவின் தீர்த்தமும் அதன் மேல்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காற்றே இல்லை. குளம் அசையாமல் கிடந்தது. மற்றப் படகுகள் கரையிலேயே நின்றன. நான் தனியாகத் துடுப்புப் போட்டு, செக்ரட்டரி தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த கொட்டகைக்கு நேராகப் போய் நிறுத்தினேன். கயிற்றை இழுத்தேன், முன்பாய் சுருண்டது. அதை விட்டு, பாயின் மூலைக் கயிற்றை இழுத்தேன், விரிந்தது. மறுபடி இழுத்தேன். தேவை ஒன்றும் இல்லை. அவர் தேத்தண்ணீர் ஆறிப்போகும் வரை, உட்கார்ந்த இடத்தை விட்டு எழும்பாமல், சுருட்டினேன், விரித்தேன், சுருட்டினேன், விரித்தேன்.